பின்பக்கத்துப் பாறை

"முகப்புல கொண்டுவந்து கக்கூஸைக் கட்டி வச்சிருக்கீங்களே, கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

கோபத்தை அடக்கத்தான் பார்த்தாள் ஜூனியர் இன்ஜினியர் வைஜெயந்தி. முடியவில்லை.

அந்தமானின் மாயாபந்தரில் வெள்ளைக்காரன் காலத்து மர பங்களா அது. சின்னத் தீவுகளிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், மறுநாள் போட் கிடைக்கும்வரை தங்கிக்கொள்ள அரசாங்கம் அதைச் சத்திரமாக மாற்றிக்கொண்டிருந்தது. பழைய அழகு கெடாமல் மாற்ற வேண்டும் என்று மெனக்கெட்டு டிராயிங் போட்டவள் வைஜெயந்தி. வேலைக்குச் சேர்ந்து அவள் போட்ட முதல் டிராயிங் அதுதான்.

கான்ட்ராக்டர் பக்தவத்சலம் மற்றதையெல்லாம் ஒழுங்காகவே செய்திருந்தார். படாக் மரப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, உளுத்ததை மட்டும் மாற்றி, பழையபடி பொருத்தியிருந்தார். கூடத்தை அறைகளாகத் தடுத்தபோதுகூடப் பழைய சுவரில் ஓர் ஆணி அடிக்கவில்லை.

இவ்வளவும் செய்தவர், பின்னால் வரவேண்டிய கழிப்பறையை முன்வராந்தாவை ஒட்டிச் சிமெண்டில் எழுப்பி வைத்திருந்தார். பட்டுப்புடவைக்கு ரப்பர் செருப்பு போட்ட மாதிரி இருந்தது.

"பின்னாடி பாறை மேடம். செப்டிக் டேங்குக்குக் குழி எடுக்க முடியாது."

"ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருக்கலாம்."

அவ்வளவுதான் பதில். மனுஷனுக்கு எவ்வளவு திமிர் என்று நினைத்துக்கொண்டாள்.

கீழே கிடந்த கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று பின்பக்கம் போனாள். வேலியோரமாகக் குத்திப் பார்த்தாள். கம்பி முழங்கால் ஆழத்துக்கு வழுக்கிக்கொண்டு இறங்கியது. தள்ளிப்போய் இன்னோர் இடத்தில் குத்தினாள். அங்கேயும் அப்படித்தான்.

"எங்கேங்க உங்க பாறை?"

பக்தவத்சலம் தலையைச் சொறிந்தார். "இன்னும் கீழ இருக்கும் மேடம்."

"மெயின்லாண்டுலேர்ந்து நேத்துக் கப்பல்ல வந்து இறங்கினவன்னு நினைச்சீங்களா என்னை? போர்ட் பிளேர் பத்துபஸ்தியில பொறந்து வளர்ந்தவ நான். வேலை மிச்சம்னு கைக்கு வந்த இடத்துல கட்டிட்டு, பாறைன்னு கதை விடறீங்க. இதை இடிச்சிட்டு டிராயிங்ல உள்ளபடி கட்டுங்க. இல்லேன்னா மேல சொல்லிடுவேன். இந்த வேலையும் உங்க கையில இருக்காது, இனிமே எந்த வேலையும் வராது."

"டீக் ஹை மேடம், சொல்லிக்குங்க. பின்னாடி மட்டும் நான் குழி எடுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு முன்பக்கம் நடந்தார்.

வைஜெயந்தியின் கையெல்லாம் சேறு. பங்களாக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. வேலிக்கு அப்பால் வாளிச் சத்தம் கேட்டது. செடிகளை விலக்கிக்கொண்டு நுழைந்தாள். நுழைந்த இடத்திலேயே ஒரு கிணறு. பக்கத்தில் தகர வீடு. ஓர் அம்மாள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.

"கை கழுவக் கொஞ்சம் தண்ணி தரீங்களா?"

"வாங்க மக்களே. ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களா? சத்திரம் இன்னும் தெறக்கலியே. அதுவரைக்கும் இந்தக் கிளாரா வீட்டுல வேணும்னா இருந்துக்கிடுங்க."

தண்ணீர் சில்லென்றிருந்தது. கையைக் கழுவியவள் இரண்டு வாய் குடிக்கவும் செய்தாள்.

"நல்ல தண்ணியா இருக்கே."

"இந்த வரிசை வீட்டுக்கெல்லாம் இதுதான் மக்களே. குழாயில வந்தா வந்தது, இல்லேன்னா இல்ல. இதுவும் நாறிப்போக இருந்தது. கக்கூஸ் குழி இந்த வேலியோரமா வரணும்னு போர்ட் பிளேர்ல உக்காந்து யாரோ படம் போட்டுட்டாங்க. குழி எடுக்க வந்த கான்ட்ராக்டர் கிணத்தைப் பாத்துட்டு மம்பட்டியைக் கீழ போட்டுட்டாரு."

வைஜெயந்திக்குச் சுருக்கென்றது. அளக்க வந்த அன்றைக்கு வேலிவரை வந்தவள்தான் அவள். அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

"கிணறு இருக்குன்னு ஆபீஸ்ல சொல்லியிருந்தா மாத்திக் கொடுத்திருப்பாங்களே."

கிளாரா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்தானே, சொன்னால் என்ன என்று நினைத்திருப்பாள்.

"எப்படிச் சொல்ல? வீடும் கிணறும் சர்க்கார் நிலத்துலல்லா நிக்குது. இங்க ஒரு கிணறு இருக்குன்னு தாள்ல ஏறினா, பின்னாலேயே அளக்க வந்திருவாங்க. போன வருசம் அந்தக் கடைசி வீட்டை என்க்ரோச்மெண்ட்னு இடிச்சுப் போட்டாங்க. அதான் அவரு, 'நீ வாயைத் தெறக்காதே, பாறைன்னு நான் சொல்லிக்கிடுதேன்'னாரு. பாவம், அவரு என்ன பேச்சு கேக்காரோ."

வைஜெயந்தி திரும்பி வந்தாள்.

வேலிக்குள்ளிருந்து அவள் வருவதைப் பார்த்ததும் பக்தவத்சலத்தின் முகம் செத்துவிட்டது. ஓடி வந்தார்.

"மேடம், என் பேரை என்ன வேணா பண்ணிக்குங்க. வேலையைப் பிடுங்கிக்குங்க. அந்தப் பக்கம் மட்டும் நீங்க போகவே இல்லைன்னு வச்சுக்குங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. போர்ட் பிளேரிலிருந்து அவளுடைய மேலதிகாரி.

"என்னம்மா, அந்தாள் முன்பக்கத்துலயே கழிப்பறை கட்டிட்டானாமே? பாறை பாறைங்கறானாம். நிஜமாவே பாறையா, இல்ல புளுகறானா?"

பக்தவத்சலம் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முன்னாடியே இருக்கட்டும் சார். மிச்சமான படாக் பலகையை வெளியில அடிச்சு மறைச்சிட்டா பங்களாவோட பங்களாவா போயிடும். டிராயிங்கை நான் மாத்திடறேன்."

"அதெல்லாம் சரிம்மா, பாறையா இல்லையா? அதைச் சொல்லு."

வைஜெயந்தி, வேலியோரம் போட்டுவிட்டுப் போயிருந்த கம்பியில் முழங்கால் உயரத்துக்கு ஒட்டியிருந்த சேற்றைச் செருப்பால் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"பாறைதான் சார். நானே குத்திப் பார்த்தேன், கம்பி ஒரு விரல்கூட இறங்கல."