பீரோவுக்குள் அணில்

“யோவ் தனுஷ்கோடி! கல்யாணப் பீரோவுக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னா, பள்ளிக்கூடமா கட்டி வச்சிருக்கே?”

சாப்பிட வந்த பெயின்டரைப் பந்தல் வாசலிலேயே மடக்கிவிட்டான் சங்கையா. மல்லாங்கிணற்றில் அன்று அவன் தங்கை வெள்ளைத்தாய்க்குக் கல்யாணம்.

பெண்ணுக்குச் சீர்வரிசையாக வாங்கிய மரப் பீரோ அது. வெளிப்பக்கம் ஒரு குறையும் இல்லை. தண்ணீரில் நனைத்து ஒட்டிய கிளி, ரோஜாப்பூப் படங்கள். நடுவில், ‘ஊர்க்காவலன் - வெள்ளைத்தாய்’ என்று பச்சைப் பெயின்டில் வளைத்து வளைத்து எழுதிய பேர்.

சபையில் கதவைத் திறந்தபோதுதான் மானம் போயிற்று. உள்பக்கம் முழுக்க அ, ஆ, இ, ஈ! பக்கத்திலேயே அணிலும் ஆடும் இலையும் ஈயும் ஒட்டுப்படமாக.

“பொண்ணுக்கு இனிமேத்தான் அரிச்சுவடியாக்கும்?” என்றாள் மாப்பிள்ளையின் அத்தை. பந்தலே சிரித்தது.

“நானா எழுதலை அண்ணாச்சி,” என்று இழுத்தார் தனுஷ்கோடி. “திருத்தங்கல்ல நம்ம கடைக்கு வந்து, மாப்பிள்ளைதான் எழுதச் சொன்னாரு.”

உள்ளே வெள்ளைத்தாய் காதிலும் அது விழுந்தது. அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள் அவள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள்தானே என்று இளக்காரமா?

தாலி ஏறும்போதும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலை, புருஷன் வீட்டில் சேலை அடுக்கப் பீரோவைத் திறந்தவளுக்குப் பொறுக்கவில்லை.

“எனக்கு எழுத்துத் தெரியாதுன்னு உங்ககிட்ட யாரு சொன்னாக?”

ஊர்க்காவலன் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

“படிச்ச பொண்ணுன்னுதான் சொன்னாக. அதுக்குத்தானே தேடி வந்து கேட்டேன்.”

“பெறகு இது எதுக்கு?”

“வெடிக் கம்பெனியில லேபிள் படத்தைப் பார்த்துத்தான் நான் கட்டு கட்டுறேன். இந்த வயசுல புஸ்தகத்தை எடுத்தா சிரிப்பாக. பீரோவுக்குள்ள இருந்தா யாருக்குத் தெரியும்னு நெனைச்சேன். சபையில திறப்பாகன்னு தோணலை. அங்கனயே எந்திரிச்சுச் சொல்லியிருக்கணும். வாய் வரலை.”

அவள் சேலையைக் கீழே வைத்துவிட்டு, அவனுக்கு இடம் விட்டு நகர்ந்தாள்.

அவன் விரல் அணிலைத் தொட்டு, மெல்ல நகர்ந்து பக்கத்து எழுத்தில் வந்து நின்றது.

“படம் தெரியுது வெள்ளைத்தாயி. இது என்ன எழுத்து?”