தொடாமல் விழுந்தவன்

திருத்தங்கல் மைதானத்தில் மூன்று மணி வெயில் புழுதியோடு நிற்கிறது. கோலுக்குப் பத்தடி முன்னால் மாரீஸ்வரன் குப்புறக் கிடக்கிறான். பந்து தனியே உருண்டுபோய் வெள்ளைக் கோட்டில் நிற்கிறது. யாரும் அவனைத் தொடவில்லை. கிழக்கே எங்கோ பெரிய இரும்புக் கதவை ஓங்கிச் சாத்தியதுபோல ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் நடுவர் விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்து மஞ்சள் அட்டையை உயர்த்துகிறார். "பெனால்டிக்கு நடிக்கிறியா? எந்திரி." நடித்து விழுகிறவன் நடுவரைத்தான் பார்ப்பான்; இவனோ முகத்தை மண்ணில் புதைத்து இரண்டு காதுகளையும் பொத்தியிருக்கிறான். அவனை மறிக்க வந்த எதிரணி ராக்கப்பன் மூச்சு வாங்குகிறான். "நான் தொடல சார். ஆனா அவன் நடிக்கல. அங்கன பாருங்க." கோல் கம்பங்களுக்கு நடுவே எதிரணிக் கோல்கீப்பரும் அதேபோலக் குப்புறக் கிடக்கிறான். "ரெண்டு பேரும் பட்டாசுக் கம்பெனில வேலை பாக்குறவுக. சத்தம் கேட்டா ஒடம்பு தானா விழுந்துரும் சார்." கருவேலங்காட்டுக்கு மேல் வெள்ளைப் புகை தடித்து எழுகிறது. நடுவரின் கை அட்டையோடு அப்படியே நிற்கிறது. மாரீஸ்வரன் எழுந்து, உதட்டு மண்ணைக்கூடத் துடைக்காமல், கோட்டுக்கு வெளியே கிடக்கும் தன் பைக்கு ஓடிப்போய்ச் செல்லை எடுக்கிறான். அவன் மனைவி பாண்டிலட்சுமிக்குப் புகை எழும் அந்தத் திசையிலுள்ள கம்பெனியில்தான் வேலை. "எடு புள்ள, எடு." தீப்பொறிக்குப் பயந்து, கம்பெனிக்குள் போகிறவர்களின் செல்லை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது அவனுக்கும் தெரியும். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.