அஞ்சாவது பாக்ஸ்

"அந்தப் பாக்ஸை என் வூட்டுப் பக்கம் திருப்பு" என்றாள் கெங்கம்மா.

காதில் விழுந்தது சரிதானா என்று தவசிமுத்துவுக்குச் சந்தேகமாக இருந்தது. நேற்று சாயந்தரம் இதே கெங்கம்மாதான், வீட்டுக்காரர் அப்பாவு படுத்த படுக்கையாகக் கிடக்கிறார், சத்தம் ஆகாது, ஸ்பீக்கர் பாக்ஸை அந்தப் பக்கம் திருப்பு என்று சண்டை போட்டுவிட்டுப் போனவள்.

நெட்டுக்குப்பத்தில் முத்தம்மா மகளுக்குக் கல்யாணம். டோல்கேட்டில் சவுண்டு சர்வீஸ் நடத்தும் தவசிமுத்துதான் செட்டு போட்டிருந்தான். எதிர்வீடு கெங்கம்மாவுடையது. மீன் மார்க்கெட்டில் இடம் பிடிக்கும் தகராறில் அவளும் முத்தம்மாவும் பேச்சை விட்டு ரொம்ப நாளாகிறது.

திருப்பினால் பந்தலுக்குக் கேட்காது என்றான் தவசிமுத்து.

"அப்போ வண்டில இன்னொண்ணு கீதே. அத்த எடுத்து என் வாசல்ல வை."

அவன் பொறுமையாக எடுத்துச் சொன்னான். ஆம்ப்ளிஃபயர் புதுசு. நாலு பாக்ஸ்தான் தாங்கும். அஞ்சாவது மாட்டினால் லோடு ஏறிவிடும். வோல்டேஜ் வேறு சரியில்லை. கரண்டு தயாரிக்கும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிக்குப் பக்கத்திலேயே இருக்கிற குப்பம்தான், ஆனால் பல்பு என்னவோ மஞ்சளாகத்தான் எரியும்.

கெங்கம்மா கேட்பதாக இல்லை. கடைசியில் முத்தம்மாவே வந்து, வைத்துத் தொலை என்றாள். அவள் பயம் அவளுக்கு. போன தடவை முகூர்த்தத்துக்கு முந்தின நாள் குப்பத்தில் ஒரு சாவு விழுந்து இந்தக் கல்யாணம் நின்றுபோனது. இன்னொரு தரம் தடை வந்தால் ராசியில்லாத பெண் என்று விட்டுவிடுவோம் என்று மாப்பிள்ளை வீட்டார் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்கள். வாசலில் சண்டை வேண்டாம் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அஞ்சாவது பாக்ஸ் கெங்கம்மாவின் சாத்திய கதவுக்கு நேராக உட்கார்ந்து அலறியது. பந்தலில் இருந்த பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். புருஷன் கிடக்கிற கிடையில் இவளுக்கு சினிமாப் பாட்டு கேட்கிறது என்று ஒருத்தி காதுபடவே சொன்னாள். கெங்கம்மா வாசற்படியை விட்டு அசையவில்லை.

மாப்பிள்ளை மணையில் உட்காரும் நேரம். ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். எல்லாப் பாக்ஸும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிட்டன.

கெங்கம்மா எழுந்தாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, குப்பம் முழுக்கக் கேட்கும்படி தவசிமுத்துவைத் திட்ட ஆரம்பித்தாள். அவன் செட்டைத் திட்டினாள். அவன் கடையைத் திட்டினாள். அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவனையும் விடவில்லை. மூச்சு வாங்கியபோது பக்கத்தில் கிடந்த அன்னக்கூடையை எட்டி உதைத்தாள். அது உருண்டு ஓய்வதற்குள் மறுபடி ஆரம்பித்துவிட்டாள்.

முத்தம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "என் பொண்ணு கல்யாணத்தக் கெடுக்கணும்னே வந்துகீறா பாரு."

"செட்டு ஒண்ணும் கெட்டுப் போவலக்கா" என்றான் தவசிமுத்து, திட்டு நிற்காதா என்கிற ஆசையில். "புரொடெக்‌ஷன் விழுந்துகீது. லோடு தாங்காம சூடாச்சுன்னா அதுவே லைனைக் கட் பண்ணிக்கும். உள்ள இன்னா எரிஞ்சாலும் வெளிய பாக்ஸுக்கு உடாது. ஆறினா தன்னால வந்துடும்."

அந்தப் புரொடெக்‌ஷனைக் கழட்டி எறி என்றாள் கெங்கம்மா. கழட்டினால் பாக்ஸே கருகிவிடும் என்றான் அவன்.

அவள் கதவை லேசாகத் திறந்து வீட்டுக்குள் நுழைந்தாள். உள்ளே போயும் திட்டு நிற்கவில்லை. திரும்பி வந்தபோது கையில் ஒரு டேபிள் ஃபேன். அப்பாவுவின் தலைமாட்டில் ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்த ஃபேன். அதை ஆம்ப்ளிஃபயருக்கு எதிரே வைத்து, ஸ்விட்சைப் போடு என்றாள்.

பந்தலில் இருந்த பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். இவளெல்லாம் ஒரு பொம்பளையா என்று சத்தமாகவே பேசினார்கள். தவசிமுத்துவுக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் அவளிடம் யார் வாயைக் கொடுப்பது என்று ஸ்விட்சைப் போட்டான்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி 'டக்'. பாட்டு வந்தது. கெங்கம்மாவின் வாய் மூடிக்கொண்டது.

கெட்டிமேளம் எல்லாப் பாக்ஸிலும் முழங்கத் தாலி ஏறியது. முத்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாப்பாடு முடிந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு வேன் திருவொற்றியூருக்குக் கிளம்பியது. அது முனை திரும்பி மறையும் வரை கெங்கம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல நடந்து ஆம்ப்ளிஃபயரிடம் வந்தாள்.

மறுபடியும் திட்டத்தான் வருகிறாள் என்று தவசிமுத்து முந்திக்கொண்டான். "ஃபேனை எடுத்துக்கினு போக்கா. பாவம், அவருக்கு வேர்க்கும்."

"அவருக்கு இனிமே ஃபேன் வாணாம் நைனா. விடியறதுக்கு முன்னயே பூட்டாரு. எம் பொண்ணு பவானி வாயில துணிய வெச்சிகினு உள்ள கீறா. செட்டை நிறுத்து. நாங்க அழுவணும்."