முதல் ட்ரம்மர்

"ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ அங்கிள்! நீங்கள்தானே அந்த ராமன்?"

போனில் அந்தப் பெண் கிட்டத்தட்ட அழுதுகொண்டிருந்தாள். சிட்னி நார்த்மீட் வீட்டு ஹாலில் நின்றிருந்த இராமன் திகைத்துப்போனார். எழுபத்து மூன்று வயது. ஓய்வுபெற்ற பல் டாக்டர். அவரைத் தேடி இதுவரை யாரும் இப்படி உருகியதில்லை.

"எந்த ராமன்மா?"

"டூன்காபி ஸ்டாம்பர்ஸ் ஜாஸ் பாண்டின்ர முதல் ட்ரம்மர்! நான் சிவாஜினி, இப்ப அந்த பாண்டில ட்ரொம்போன் வாசிக்கிறன். ஐம்பதாவது வருஷத்துக்கு பாண்டின்ர வரலாறு எழுதுறன் அங்கிள். இதுவரைக்கும் முப்பத்தொரு பேர் வாசிச்சிருக்கினம். முப்பது பேரைக் கண்டுபிடிச்சிட்டன். எழுபத்தஞ்சாம் ஆண்டு நோட்டீஸில 'ட்ரம்ஸ், ராமன்' எண்டு மட்டும்தான் கிடக்கு. மலேசியாவில இருந்து படிக்க வந்த ஆளாம். தமிழ்ச் சங்கத்து லிஸ்ட்டில மலேசிய ராமன் நீங்கள் ஒராள்தான்!"

எழுபத்தைந்தில் மலேசியாவிலிருந்து சிட்னிக்குப் படிக்க வந்த தமிழர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இராமனும் அவர்களில் ஒருவர்தான். ஆனால் அவர் வாழ்க்கையில் தட்டிய ஒரே இடம், நோயாளிகளின் பல்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"மேடையில உங்களுக்குப் பெரிய கௌரவிப்பு இருக்கு. லோக்கல் பேப்பரில படமும் வரும்" என்றாள் சிவாஜினி.

"ஆமாம்மா. நான்தான்" என்றார் இராமன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், சமையலறை வாசலில் மனைவி ஞானம்மாள். அவரும் மலேசியாக்காரர்தான். விஷயத்தைக் கேட்டதும் சிரித்த சிரிப்பில் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்களா? ட்ரம்மரா?"

"வாய் தவறி வந்துருச்சு ஞானம். இப்பவே கூப்பிட்டு இல்லன்னு சொல்லிடவா?"

"எதுக்கு? அந்தப் பொண்ணு எவ்வளவு சந்தோஷப்பட்டுச்சு! பரவாயில்ல லா, போங்க. நானும் வந்து முன் வரிசையில உக்காந்துக்கிறேன்."

அடுத்த வாரமே பேப்பரில் படம் வந்தது. கோயிலில் சாமி கும்பிட வந்தவர்கள் இவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். கெல்லிவில்லில் இருந்து வந்த ஸ்ரீகாந்த் என்பவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

"எனக்கு அப்பவே தெரியும் சார். உங்க நடையிலேயே ஒரு தாளம் இருக்கு!"

அது முழங்கால் வலி. ஆனாலும் இராமன் அடக்கமாகப் புன்னகைத்தார். அன்று முழுக்க இன்னும் கொஞ்சம் தாளத்தோடு நடந்தார்.

வியாழக்கிழமை சிவாஜினி மறுபடி கூப்பிட்டாள்.

"அங்கிள், ஒரு குட்டி சர்ப்ரைஸ். விழாவில நீங்கள் ஒரு பாட்டுக்கு வாசிக்க வேணும்!"

மறுநாளிலிருந்து மைலோ டின்னைக் கவிழ்த்துப் போட்டு, இரண்டு மரக்கரண்டிகளால் பயிற்சி ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு நாய் வேலியோரம் நின்று அவரோடு சேர்ந்து ஊளையிட்டது.

"வேகம் கூடுது! மெதுவா, மெதுவா!" என்று சமையலறையிலிருந்து ஞானம்மாள் கத்தினார். பாவம், அவளுக்குத் தலைவலி போலிருக்கிறது என்று இராமன் நினைத்துக்கொண்டார்.

தாங்கமுடியாமல் சனிக்கிழமை அவரே சிவாஜினியை அழைத்தார். "அம்மா, நான் ஒரு உண்மையைச் சொல்லணும்…"

"முதல் இதைக் கேளுங்கோ அங்கிள்! பாண்டைத் தொடங்கின ட்ரெவருக்கு இப்ப எண்பத்தஞ்சு. குயின்ஸ்லாந்தில இருக்கிறார். காது சரியாக் கேக்காது, அதால மெசேஜ்தான் அனுப்புவார். 'ராமன் வருவதென்றால் வீல்சேரில் உருண்டாவது வருவேன்' எண்டு எழுதியிருக்கிறார். சரி, நீங்கள் என்ன சொல்ல வந்தனீங்கள்?"

"ஒண்ணுமில்லம்மா. சாப்பாடு சைவமான்னு கேக்கலாம்னு…"

ஞாயிறு மதியம். கிளப்பில் உட்கார இடமில்லை. கோடு போட்ட சட்டையில் ஏழு பேர் வாசித்துத் தள்ளினார்கள். கிழவிகள் ஷாம்பெயின் கிளாஸோடு நாற்காலிகளுக்கு நடுவில் ஆடினார்கள். வெள்ளம் வந்தபோதும் கொரோனா வந்தபோதும் ஒரு ஞாயிறுகூட விடாமல், கார் பார்க்கில் நின்றாவது வாசித்த பாண்ட் இது என்று சிவாஜினி மைக்கில் சொன்னபோது கைதட்டல் கூரையை முட்டியது.

"இப்போது, எங்கள் முதல் ட்ரம்மர், ராமன்!"

எல்லோரும் எழுந்து நின்றார்கள். இராமன் மேடையேறினார். யாரோ கையில் இரண்டு குச்சிகளைத் திணித்தார்கள். பளபளவென்று ஐந்தாறு ட்ரம்கள் அவரையே பார்த்தன. எதை முதலில் அடிப்பது என்றுகூடத் தெரியவில்லை. எல்லாவற்றையும்விட, எதிரே பூரித்துப்போய் நின்ற சிவாஜினியின் முகத்தைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை.

மைக்கைப் பிடித்தார்.

"மன்னிச்சுக்குங்க. அந்த ராமன் நான் இல்ல. பேப்பர்ல படம் வரும்னதும் ஆசைப்பட்டுட்டேன்" என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சொன்னார்.

சிவாஜினியின் கண்கள் கலங்கின. சரியாக அந்த நேரத்தில்தான் பின்கதவு வழியாக ஒரு வீல்சேர் உருண்டு வந்தது. விமானம் தாமதமாகி வந்து சேர்ந்த ட்ரெவர்.

இராமன் அவசரமாக இறங்கி, அவர் முன்னால் போய்க் கைகூப்பி நின்றார். ட்ரெவர் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வண்டி முன் வரிசைக்கு வந்ததும் தட்டுத்தடுமாறி எழுந்து, "ராமன்!" என்று கிளப்பே அதிரக் கத்திக்கொண்டு ஞானம்மாளைக் கட்டிப்பிடித்தார்.

"உங்க மாமனார் பேரும் இராமன்தான், மறந்துட்டீங்களா? கல்யாணத்துக்கு முன்னாடி நான் இங்க படிச்சப்போ, அப்ளிகேஷன் பாரத்துல என் பேருக்குப் பின்னால எங்கப்பா பேரைப் பாத்துட்டு, காலேஜ்ல இவங்க எல்லாரும் என்னை ராமன்னுதான் கூப்பிடுவாங்க" என்றபடி கணவரின் கையிலிருந்த குச்சிகளை வாங்கிக்கொண்டு மேடையேறினார் ஞானம்மாள்.