மெட்டியும் மாத்திரையும்

சுவரில் தொங்கிய, பேசும் தானியங்கி மருந்துப்பெட்டிதான் பவளக்கொடிக்கும் கணவர் மாசிலாமணிக்கும் தினமும் மாத்திரை தந்தது. டில்டியாசெம், அம்லோடிபின் என்ற ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் இரண்டையும் ஒப்பிட்டு, அவளுக்கு அம்லோடிபினே உத்தமம் என்று பிரசங்கமே செய்தது. ரத்தக்கொதிப்பு அடங்கியது, ஆனால் அந்த மாத்திரையால் பாதம் வீங்கியது. மெட்டி விரலை அறுக்கவே, மாசிலாமணி சோப்புப் போட்டுக் கழற்றிவிட்டார்.

"மெட்டி அகற்றப்பட்டதைக் கவனித்தோம். கணவரின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல்," என்றது பெட்டி.

"நான் உசுரோடதான்யா நிக்கிறேன்."

"துயரத்தில் அவர் குரல் கேட்பதுபோல் தோன்றுவது இயல்பே, அம்மையீர்."

மறுநாளிலிருந்து அவளுக்கு மட்டுமே மாத்திரை விழுந்தது. வாரக் கடைசியில் மாசிலாமணி தலைசுற்றிச் சுவரைப் பிடித்தார்.

பவளக்கொடி பெட்டியின் கேமராக் கண்ணெதிரே உட்கார்ந்து, வீங்கிய விரலில் மெட்டியைத் திணிக்கத் தொடங்கினாள்.

"வலிக்கும், விடுடி."

"சும்மா இருங்க," என்றாள் பல்லைக் கடித்தபடி. "செத்தவருக்கு என்ன பேச்சு?"