அக்காவுக்கு வந்த மெசேஜ்கள்

ஞானபாக்கியம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்து இறந்தாள். பழைய சண்டையைச் சாக்காக வைத்து, ராஜபாளையத்தில் இருந்த தம்பி பெலிக்ஸ் பார்க்கப் போகவில்லை. அவள் அனுப்பிய மெசேஜ்களுக்குப் பதிலும் போடவில்லை.

முதல் நினைவுநாளில் அக்கா வீட்டுக்குப் போனான். அக்கா மகள் ஜெபா, சிம்மை எடுத்துவிட்ட அம்மாவின் பழைய கீபேட் போனைக் கொடுத்தாள்.

"நீங்க தினமும் போட்ட மெசேஜை வாசிச்ச பொறவுதான் மாமா, அம்மா ரெண்டு வாய் சாப்பிடுவா."

இன்பாக்ஸில் அவன் பெயரில் நாற்பது மெசேஜ்கள் இருந்தன. எல்லாவற்றிலும் "நாளைக்கு வாரேன்க்கா" என்றிருந்தது. ஒன்றைக்கூட அவன் அனுப்பவில்லை. அதைச் சொல்லக் கூசி, "ஆமாம்மா" என்றான்.

போனின் சிவப்பு விளக்கு மினுங்கியது. அவன் பெயரிலேயே புதிய மெசேஜ்: "வாசல்ல நிக்கேன்க்கா."

வெளியே யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பெலிக்ஸால் தலை நிமிர முடியவில்லை.

ஜெபா வாசலை எட்டிப் பார்த்து, "வாங்க பெலிக்ஸ் மாமா" என்றாள்.