மறந்துபோன ரிப்போர்ட்

"அறிவிருக்கா உனக்கு? நீயெல்லாம் டாக்டருக்குப் படிச்சு என்ன கிழிக்கப் போற?"

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அந்த அம்மா போட்ட சத்தத்தில் வராண்டாவே திரும்பிப் பார்த்தது.

பித்தப்பையில் கல். காலையில் உள்ளே கொண்டுபோன இளைய மகனை, ஆபரேஷன் ஆகாமலே ஸ்ட்ரெச்சரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். யாராக இருந்தாலும் கோபம் வரத்தானே செய்யும்?

எதிரே நின்ற மாணவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் தப்புதாம்மா. ரத்த ரிப்போர்ட்டை வாங்கி வைக்கச் சொன்னாங்க, மறந்துட்டேன். அது இல்லாம மயக்க மருந்து கொடுக்க மாட்டாங்க. நாளைக்கு முதல் ஆளா எடுத்துடுவாங்கம்மா."

"மறந்துட்டாளாம்! சோறு திங்க மறப்பியா?"

மூத்த மகனும் சேர்ந்துகொண்டார். "நாங்க லீவு போட்டுட்டு வந்து நிக்கிறோம். நீ விளையாட என் தம்பிதான் கிடைச்சானா?"

நோயாளியின் மனைவி மட்டும் சுவரோரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வெளியே வந்தார்.

"நாளைக்கு இந்தப் பொண்ணு என் புள்ள பக்கத்துலயே வரக் கூடாது. சொல்லிட்டேன்!"

டாக்டரம்மா மாணவியைப் பார்த்தார். அவள் லேசாகத் தலையாட்டினாள்.

"சரிம்மா, வர மாட்டா. ஆனா ஒண்ணு, எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவருக்கு எதுவும் கொடுக்கக் கூடாது. மயக்கத்துல இருக்கும்போது வயித்துல கிடக்கிறது மேல வந்து மூச்சுக்குழாய்ல இறங்கிட்டா உயிருக்கே ஆபத்து."

"அதெல்லாம் ஏற்கெனவே சொல்லிட்டாங்களே!" என்று மூத்தவர் முணுமுணுத்தார்.

அந்த அம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கத்திக் கத்திக் களைத்துப் போயிருக்க வேண்டும்.

உள்ளே, உடை மாற்றும் அறையில் தோழி பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு அந்த ஆளுக்கு உன்னைத்தானே மயக்க மருந்து மாஸ்க் பிடிக்க விடறேன்னாங்க?"

"ஆமா. இனிமே எங்கே."

"நாங்கல்லாம் சர்ஜரியில தையலே போட ஆரம்பிச்சாச்சு. நீ இன்னும் நோயாளி பக்கத்துல உட்கார்ந்து ஊர்க்கதை பேசிட்டிருக்க. அந்த வேலைக்கு நடுவுல ஒரு ரிப்போர்ட் வாங்கி வைக்கக்கூட முடியலையாடி?"

இங்கே வேலை பழக வந்த முதல் நாளே டாக்டரம்மாவிடம் மாணவி கேட்டுப் பார்த்தாள், எப்போது ஊசி போட விடுவீர்கள் என்று. "அது கை பழகினா வந்துடும். தூங்கிட்டா அவங்களால நம்மகிட்ட எதுவும் சொல்ல முடியாது. அதுக்கு முன்னாடி பேசக் கத்துக்கோ" என்றுவிட்டார்.

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கல்லோடு பித்தப்பையை எடுத்தாகிவிட்டது. மதியம் மகன் கண்விழித்து, தெளிவாகவே பேசினார். பக்கத்தில் அம்மா மட்டும்தான் இருந்தார். மகன் பேசி முடித்ததும் அம்மா எழுந்து விறுவிறுவென்று தியேட்டர் வாசலுக்கு வந்தார். என்னவோ ஏதோ என்று மூத்த மகனும் மருமகளும் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

"டாக்டரம்மா, நேத்து இருந்த அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க."

"அவ இன்னைக்கு உங்க பையன் பக்கத்துலகூட வரலையேம்மா. இன்னுமா கோபம் தீரலை?"

"கூப்பிடுங்க. நேத்து இத்தனை பேர் முன்னாடிதானே பேசினேன்? இன்னைக்கும் இங்கதான் பேசணும்."

மாணவி தயங்கித் தயங்கி வந்தாள். அந்த அம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இவ எந்த ரிப்போர்ட்டையும் மறக்கலை. பெரிய டாக்டர் கேட்டப்போ ஒண்ணும் சாப்பிடலைன்னு தலையாட்டின என் புள்ள, இவ பக்கத்துல உட்கார்ந்து வீட்டு மனுஷி மாதிரி பேசினதும், விடியக்காலையில சாப்பிட்டேன்னு உண்மையைச் சொல்லியிருக்கான். உடனே இவ ஓடிப்போய் எல்லாத்தையும் நிறுத்தியிருக்கா. இல்லேன்னா இன்னைக்கு என் புள்ள எனக்கு இல்லை. நீ நல்லா இருக்கணும் தாயி!"

மூத்த மகனுக்குச் சுர்ரென்று ஏறியது. "சாப்பிட்டானா? அவ்வளவு சொல்லியும் எவ கொடுத்தது?" என்று தம்பி மனைவியின் பக்கம் திரும்பினார்.

அவள் மிரண்டு போய்ப் பின்வாங்கினாள்.

"அவளை ஏன்டா முறைக்கிற?" என்றார் அம்மா. குரல் உடைந்துவிட்டது. "புள்ள பசி தாங்க மாட்டானேன்னு, யாருக்கும் தெரியாம பால்ல ரொட்டியைத் தோய்ச்சு ஊட்டி விட்டவ நான்தான்டா. அது தெரிஞ்சுதான் இந்தப் பொண்ணு, என்கிட்டயே அத்தனை திட்டையும் வாங்கிட்டு நின்னா."